சின்ன படகுக்கும் தெப்பத்துக்கும் நாமளே மூரிங் போடுறது எப்படி

நான் முதல் தடவை போட்ட மூரிங்னா ரெண்டு ஹாலோ பிளாக், ஒரு நைலான் கயிறு, அவ்ளோதான். ரெண்டும் சேந்து 30 கிலோவுக்கு மேல, தூக்கும்போதே இடுப்பு விட்டுப்போச்சு, இந்த சின்ன படகு இதைப் போய் எங்க இழுக்கப்போகுதுன்னு தண்ணில தள்ளிட்டு நிம்மதியா வந்து தூங்கிட்டேன். ராத்திரி நல்ல காத்து. காலைல போய்ப் பாத்தா படகு எதிர்க்கரை கோரைக்குள்ள மூக்கை சொருகிட்டு நிக்குது, கயித்தை இழுத்தா ரெண்டு பிளாக்கும் பழகின நாய்க்குட்டி மாதிரி பின்னாடியே வருது. பிளாக்கோட விளிம்பு உரசி கயிறு வேற பாதி அறுந்திருந்துச்சு, இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா படகே கிடைச்சிருக்காது.

அதுக்கப்புறம் தான் உக்காந்து யோசிச்சேன். எவ்வளவு கனம் போடணும்னு தான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க, நானும் அதைத்தான் கேட்டேன். ஆனா கனம் பாதி கதை தான், மீதி பாதி அடியில இருக்கிற சேறு, அதுல கிடக்கிற சங்கிலி, அப்புறம் நடுவுல வர்ற ஒவ்வொரு இணைப்பும். அதை வரிசையா சொல்றேன். இது நன்னீருக்கு மட்டும், அதாவது குளம், ஏரி, அணைத் தண்ணி, மெதுவா ஓடுற ஆறு. கடல்ல ஓதம், உப்பு, பெரிய அலைன்னு கணக்கே வேற, இதை அங்க போட்டுடாதீங்க.

மூரிங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. நங்கூரம் போகும்போது கூடவே தூக்கிட்டுப் போறது, மூரிங் அடியிலயே நிரந்தரமா கிடக்கிறது. அடியில ஒரு கனம், அதுல இருந்து சங்கிலி, மேல ஒரு மிதவை, வந்தா மிதவைல படகை மாட்டுறோம், போறப்ப கழட்டிட்டு போறோம்.

இப்ப கனத்துக்கு வருவோம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2400 கிலோ. தண்ணிக்குள்ள இறக்கினா அதுல 1000 கிலோவை தண்ணியே தாங்கிக்கும், மிச்சம் 1400 தான். அதனால கரையில 100 கிலோ இருக்கிற கட்டை தண்ணிக்கடியில வெறும் 58 கிலோ. கருங்கல்லா இருந்தா 100க்கு 63 மிஞ்சும். இரும்பு தான் ராஜா, 87 மிஞ்சும், அதனால பழைய இரும்பு உருப்படி, ரயில் சக்கரம் மாதிரி ஏதாவது கிடைச்சா கான்கிரீட்டை விட அது நல்லது. பழைய என்ஜின் பிளாக்கை போடுறவங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கு அது பிடிக்காது, எவ்வளவு கழுவினாலும் உள்ள எங்கயாவது ஆயில் ஒட்டிட்டு இருக்கும், அது நாம குளிக்கிற, மீன் இருக்கிற தண்ணி.

அடுத்தது காத்து. காத்தோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா அது தள்ற விசை நாலு மடங்கு ஆகும், இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்துல அடிக்கிற காத்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 14 கிலோ கனத்துக்கு சமமா தள்ளும். 4 மீட்டர் நீளமுள்ள சின்ன படகு, காத்துக்கு காட்டுற பரப்பு ஒண்ணரை சதுர மீட்டர்னு வச்சா 20 கிலோ இழுப்பு. அதே படகு 90 கிலோமீட்டர் காத்துல 57 கிலோ இழுக்கும். அடியில சும்மா உக்காந்திருக்கிற கட்டை, இன்னும் சேத்துல பதியாத நிலைமைல, தன்னோட தண்ணிக்கடி கனத்துல பாதி அளவு தான் பக்கவாட்டு இழுப்பை தாங்கும்னு வச்சுக்கிறது பத்திரமான கணக்கு. ஆக 100 கிலோ கட்டைன்னா 58ல பாதி, 29 கிலோ. சாதாரண காத்துக்கு போதும், புயல் காத்துக்கு பத்தாது. என்னோட ஹாலோ பிளாக் ரெண்டும் தண்ணிக்கடியில 20 கிலோ கூட தேறிருக்காது, அதுல பாதின்னா நீங்களே போட்டுப் பாருங்க, அது அந்த ராத்திரி நின்னிருந்தா தான் ஆச்சரியம்.

இங்க தான் சேறு உதவிக்கு வருது. தட்டையா அகலமா இருக்கிற கட்டை வண்டல்ல போட்ட சில வாரத்துல மெல்ல மெல்ல உள்ள இறங்கிடும், அப்புறம் அதை பக்கவாட்டுல இழுக்கணும்னா முன்னாடி இருக்கிற சேத்தை எல்லாம் ஏர் ஓட்டுற மாதிரி கிழிச்சுட்டு போகணும், மேல தூக்கணும்னா அடியில சேறு உறிஞ்சிப் பிடிச்சுக்கும். உயரமான கட்டை, உருண்டை கல்லு, டின்னுல வார்த்த கான்கிரீட் உருளை, இதெல்லாம் இந்த வேலைக்கு சரிப்படாது, சாஞ்சு உருண்டுரும். இருபது லிட்டர் பக்கெட்ல கான்கிரீட் ஊத்தி கொக்கி வச்சா மூரிங் ரெடின்னு நிறைய பேர் சொல்வாங்க, அது 48 கிலோ, தண்ணில 28, அதுவும் உருளை. ஒரு ரப்பர் படகுக்கு, அதுவும் நீங்க கரையிலயே உக்காந்து பாத்துட்டு இருக்கப்போறீங்கன்னா சரி.

கட்டையை வார்க்குறதுக்கு முன்னாடி இடத்தை பாத்து முடிவு பண்ணுங்க. முதல்ல அந்த நீர்நிலை யாரோட பொறுப்புல இருக்கோ அவங்ககிட்ட அனுமதி கேட்டுடுங்க, நிறைய ஏரிகள்ல, முக்கியமா குடிநீர் எடுக்கிற இடத்துல, அடியில எதையும் போட விட மாட்டாங்க, போட்ட பிறகு எடுக்கச் சொன்னா அது போடுறதை விட பத்து மடங்கு வேலை. அப்புறம் ஆழம். இன்னைக்கு இருக்கிற ஆழம் இல்ல, தண்ணி முழுசா ஏறி நிக்கிறப்ப இருக்கிற ஆழம். கரையில மரத்துலயும் பாறையிலயும் பழைய தண்ணி வரை கோடு இருக்கும், அதை வச்சே கண்டுபிடிச்சுடலாம். தண்ணி குறையறப்ப படகு தரை தட்டாம நிக்குமான்னும் பாக்கணும்.

அடி எப்படி இருக்குன்னு பாக்குறதுக்கு ஆழம் கம்மின்னா ஒரு நீள மூங்கில் போதும், குத்தினா புஸ்ஸுனு இறங்கினா வண்டல், ஒட்டிட்டு வரமாட்டேன்னா களிமண், கரகரன்னா மணல், டங்குனா பாறை. ஆழமா இருந்தா பழைய மாலுமிங்க செய்ற ஒரு வேலை இருக்கு, கயித்துல கட்டின ஈயக்குண்டோட அடியில குழி இருக்கும், அதுல கொழுப்பை அடைச்சு இறக்குவாங்க, அடியில இருக்கிறது அதுல ஒட்டிட்டு மேல வரும். நம்ம கிட்ட ஈயக்குண்டு இல்லன்னா ஒரு இரும்புத் துண்டோட அடியில துணி சோப்பை அழுத்தி இறக்குங்க, அதுவே போதும். வண்டலும் களிமண்ணும் தான் நமக்கு வேணும். பாறை அடியா இருந்தா கட்டை எதுலயும் பதியாது, வழுக்கிட்டே இருக்கும், அங்க கனத்தை ரெண்டு மூணு மடங்கு ஏத்தணும், இல்லன்னா வேற இடம் பாக்கணும்.

இன்னொண்ணு சுத்து வட்டம். மூரிங்ல கட்டின படகு ஒரே இடத்துல நிக்காது, காத்து திரும்புற பக்கம் எல்லாம் சுத்தும். ஆழம் 4 மீட்டர், மொத்த சங்கிலியும் கயிறும் 12 மீட்டர்னா, முழுசா இழுத்து நிக்கிறப்ப கட்டைல இருந்து 11 மீட்டருக்கு கொஞ்சம் மேல வரும், அதோட படகு நீளம் 4ஐ கூட்டினா 15 மீட்டர் சொச்சம். சுத்தி அவ்ளோ தூரத்துக்கு கரையோ பாறையோ அடுத்தவங்க படகோ இருக்கக்கூடாது. தண்ணி குறைஞ்சா வட்டம் இன்னும் பெருசாகும், அப்ப கரையும் கிட்ட வந்திருக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும்கிறதை நிறைய பேர் மறந்துடறாங்க.

சரி, இப்ப வார்ப்பு. 60க்கு 60 செ.மீ சதுரம், 12 செ.மீ உயரம், இது ஏறக்குறைய 100 கிலோ வரும். ரெண்டு பேர் புரட்டி நகத்தலாம், அதுக்கு மேல போனா ஆள் கூட்டணும். தரையில பாலிதீன் ஷீட் விரிச்சு, அது மேல பலகையால நாலு பக்கமும் சட்டம் அடிங்க. நடுவுல ஷீட்டுக்கு அடியில கொஞ்சம் மணலை மேடு மாதிரி குவிச்சு விடுங்க, 3 செ.மீ உயரம் போதும், இதனால கட்டையோட அடிப்பக்கம் கவுத்த தட்டு மாதிரி லேசா குழிஞ்சு வரும், சேத்துல உக்காந்தா உறிஞ்சிப் பிடிக்கிறதுக்கு இது ரொம்ப உதவும். பழைய டயரை அச்சா வச்சு அதோடவே தண்ணில போடுறவங்களும் உண்டு, டயரை தண்ணில விட்டு வைக்க எனக்கு மனசு வரல.

கலவை 1:2:4, சிமெண்ட், மணல், முக்கால் இஞ்ச் ஜல்லி. இந்த அளவுக்கு சிமெண்ட் 13, 14 கிலோ ஆகும், அதாவது ஒரு பக்கெட்டுக்கு பாதி, அதே பக்கெட்ல மணல் ஒண்ணு, ஜல்லி ரெண்டு. தண்ணியை தாராளமா ஊத்தாதீங்க, கலவை ஓடக்கூடாது, கரண்டில எடுத்தா நிக்கணும், தண்ணி கூடினா பலம் குறையும். கையுறை போட்டுக்கோங்க, ஈர சிமெண்ட் தோலை பொத்துடும், அப்ப தெரியாது, ராத்திரி தான் எரியும்.

கொக்கி தான் இந்த கட்டையோட உயிர். கட்டை உடைஞ்சு மூரிங் போனதா நான் கேள்விப்பட்டதே இல்ல, கொக்கி தேஞ்சு போனது தான் அதிகம். 20 மிமீ வழவழப்பான இரும்பு ராடை தலைகீழ் யூ மாதிரி வளைச்சு, ரெண்டு காலையும் கீழ வெளிப்பக்கமா மடக்கி, அந்த மடிப்பு மேல குறுக்க ரெண்டு கம்பி வச்சு கட்டுக்கம்பியால கட்டிடுங்க, அப்ப தான் மேல இழுத்தா கான்கிரீட்டையும் சேத்து தூக்கும், இல்லன்னா பல்லு பிடுங்குற மாதிரி கொக்கி மட்டும் தனியா வந்துரும். கான்கிரீட்டுக்கு மேல தெரியுற வளையம் ஒரு பெரிய ஷேக்கிள் (குறுக்க பின் போட்டு மூடுற யூ வடிவ இரும்பு இணைப்பு) தாராளமா புகுந்து ஆடுற அளவுக்கு இருக்கணும். முறுக்குக் கம்பியை வளைச்சு கொக்கியா வைக்கலாமான்னு கேப்பீங்க, உள்ள குறுக்குக் கம்பியா வச்சுக்கோங்க, கொக்கிக்கு வேணாம், அதோட வரி வரியான மேல்பரப்பு ஷேக்கிளை அரம் மாதிரி ராவிடும். சங்கிலியோட கடைசி கண்ணியையே கான்கிரீட்டுக்குள்ள புதைச்சு விடுறது சுலபம் தான், ஆனா நாளைக்கு அந்த கண்ணி தேஞ்சா மாத்த முடியாது, மொத்த கட்டையும் வேஸ்ட்.

ஊத்தும்போது கம்பியால நல்லா குத்தி விடுங்க, காத்துக் குமிழி நிக்கக்கூடாது. மறுநாள்ல இருந்து ஈரச் சாக்கு போட்டு குறைஞ்சது 7 நாள் தண்ணி விடணும், முழு பலம் வர 28 நாள் ஆகும். அவசரப்பட்டு பச்சை கான்கிரீட்டை தண்ணில இறக்காதீங்க, அதுல இருந்து சுண்ணாம்புக் காரம் கசியும், சின்ன குளமா இருந்தா மீனுக்கு ஆகாது.

அடுத்தது சங்கிலி, இது தான் நிறைய பேர் கஞ்சத்தனம் பண்ற இடம். கட்டைல இருந்து நேரா கயிறு போட்டு மிதவைல கட்டினா என்ன ஆகும்? கயிறு விறைப்பா நிக்கும், ஒரு அலை வந்து படகை அரை மீட்டர் தூக்கினா அந்த தூக்கு அப்படியே கட்டைக்கு போகும். படகு மிதக்குற விசை பல நூறு கிலோ, 58 கிலோ கட்டையெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல, ஒவ்வொரு அலைக்கும் கட்டை ஒரு குதி குதிச்சு, சேத்துப் பிடியும் விட்டு, நடந்தே கரைக்கு வந்துரும். அதே இடத்துல கனமான சங்கிலி நீளமா அடியில கிடந்தா, அலை தூக்குறப்ப முதல்ல சங்கிலி தான் தரைல இருந்து எழும்பும், எழும்ப எழும்ப கனம் கூடும், ஸ்பிரிங் மாதிரி இழுப்பை வாங்கிக்கும், கட்டைக்கு போய் சேர்ற இழுப்பு பக்கவாட்டுலயே இருக்கும். பக்கவாட்டு இழுப்புக்கு தானே சேறு நமக்கு காவல்.

அதனால என் கணக்கு இது: மொத்த நீளம் அதிகபட்ச ஆழத்துக்கு 3 மடங்கு. அதுல கீழ ஒண்ணரை மடங்கு கனமான சங்கிலி, அதுக்கு மேல ஒரு மடங்கு லேசான சங்கிலி, மிச்சம் அரை மடங்கு படகுக்கு போற கயிறு. 4 மீட்டர் ஆழம்னா 6 மீட்டர் கனம், 4 மீட்டர் லேசு, 2 மீட்டர் கயிறு. சின்ன படகுக்கு கீழ 10 மிமீ, மேல 8 மிமீ சங்கிலி போதும், 10 மிமீ மீட்டருக்கு ரெண்டே கால் கிலோ கிட்ட வரும், 8 மிமீ சுமார் 1.4 கிலோ. கீழ இன்னும் தடியா 13 மிமீ கிடைச்சா சந்தோஷமா போடுங்க, அடியில கிடக்கிற சங்கிலிக்கு கனம் கூடினா நல்லது தான். கால்வனைஸ் பண்ணினதா பாருங்க. நன்னீர்ல துரு மெதுவா தான் பிடிக்கும், ஆனா அடியில உரசி உரசி தேய்றது துருவை விட சீக்கிரம் நடக்கும்.

கனச் சங்கிலிக்கும் லேசு சங்கிலிக்கும் நடுவுல ஒரு ஸ்விவல், அதாவது ரெண்டு முனையும் தனித்தனியா சுத்துற இணைப்பு, கண்டிப்பா வேணும். படகு சுத்திட்டே இருக்கும்ல, ஸ்விவல் இல்லன்னா சங்கிலி முறுக்கேறி, கட்டி கட்டியா சுருண்டு, நீளம் பாதியா குறைஞ்சு போய், திரும்பவும் விறைப்பு கயிறு கதை தான். ஷேக்கிள் எல்லாம் சங்கிலியை விட ஒரு சைஸ் பெருசா எடுங்க, பின்னை நல்லா முடுக்கி, பின்னோட கண்ணுல கம்பி விட்டு ஷேக்கிள் உடம்போட சேத்து கட்டிடுங்க. இதை செய்யாம விட்ட ஷேக்கிள் ஆடி ஆடி தானா கழண்டுக்கும், எப்பன்னு தான் தெரியாது. பிளாஸ்டிக் டை போடுறது எனக்கு நம்பிக்கை இல்ல, தண்ணிக்கு மேல இருந்தா வெயில்ல பொடிஞ்சு போகும். ஸ்டெயின்லெஸ் ஷேக்கிளையும் கால்வனைஸ் சங்கிலியையும் கலக்காம இருந்தா நல்லது, நன்னீர்ல கடல் அளவுக்கு அரிக்காது, ஆனாலும் துத்தநாகப் பூச்சு தான் முதல்ல போகும்.

மிதவைக்கு உணவுப் பொருள் வந்த 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன் போதும். கெமிக்கல் வந்த கேன் வேணாம், எவ்வளவு கழுவியிருந்தாலும் வேணாம். 20 லிட்டர் கேன் ஏறக்குறைய 19 கிலோவை தூக்கும், அதுல தொங்குறது 4 மீட்டர் லேசு சங்கிலி, தண்ணில 5 கிலோ கூட இல்ல, ஸ்விவல் ஷேக்கிள் எல்லாம் சேத்தாலும் தாராளம். தொங்குற கனத்துக்கு ரெண்டு மடங்காவது மிதப்பு இருக்கணும்னு வச்சுக்கோங்க. மூடியை பசை போட்டு இறுக்கி மூடுங்க, முடிஞ்சா உள்ள பியூ ஃபோம் (அடிச்சதும் உப்பி இறுகுற நுரை) அடிச்சு நிரப்பிடுங்க, அப்புறம் ஓட்டை விழுந்தாலும் முங்காது. ஃபோமை ஒரேயடியா அடிச்சா உள்ள காயாம நிக்கும், கொஞ்சம் கொஞ்சமா, நேரம் விட்டு விட்டு. கேனுக்கு வெள்ளையோ ஆரஞ்சோ அடிச்சா தூரத்துல இருந்தே தெரியும், அமெரிக்காவுல மூரிங் மிதவைன்னா வெள்ளைல நீலப்பட்டை தான் அடையாளம், உங்க நீர்நிலைக்கு இப்படி ஏதாவது விதி இருக்கான்னு அனுமதி கேக்குறப்பவே கேட்டுக்கோங்க.

முக்கியமான விஷயம், படகை கேனோட கைப்பிடில கட்டாதீங்க!! கேன் வேலை சங்கிலியோட மேல் நுனியை தண்ணி மேல காட்டுறது மட்டும் தான். சங்கிலியோட மேல் நுனில ஒரு இரும்பு வளையம், அந்த வளையத்துல கேன் தனியா ஒரு சின்ன கயித்துல தொங்கட்டும், படகுக் கயிறும் அதே வளையத்துல ஷேக்கிள் போட்டு மாட்டுங்க. இழுப்பு முழுக்க படகு, கயிறு, வளையம், சங்கிலின்னு போகணும், நடுவுல பிளாஸ்டிக் வரவே கூடாது.

படகுக் கயிறு நைலான். அது நீளும், அதிர்வை வாங்கும், தண்ணில மூழ்கும். மஞ்சள், நீலம்னு கிடைக்கிற பாலிபுரோப்பிலீன் கயிறு மிதக்கும், போற வர்ற மோட்டார் காத்தாடில எல்லாம் சுத்திக்கும், வெயில் பட்டா நாரு நாரா உதிரும். கயித்துல முடிச்சு போட்டா பலம் பாதி போயிடும், அதனால கயித்து நுனியை வளையமா பின்னி, உள்ள திம்பிள் (கயிறு தேயாம காக்குற குழிஞ்ச வளையம்) வைக்க கத்துக்கோங்க, ஒரு சாயங்காலம் உக்காந்தா வந்துரும். படகு விளிம்புல கயிறு உரசுற இடத்துக்கு ஒரு உறை வேணும். எல்லாரும் தோட்டத்து ஹோஸ் பைப்பை சொருகுவாங்க, சாதாரண நாளைக்கு பரவால்ல, ஆனா பெரிய காத்துல நைலான் நீண்டு சுருங்கி சூடாகும், பைப்புக்குள்ள தண்ணி போகாது, சூடு வெளிய வராது, கயிறு உள்ளுக்குள்ளயே உருகி போயிடும். தடிமனான கேன்வாஸ் துணி, இல்ல பழைய தீயணைப்பு ஹோஸ் துண்டு சுத்திக் கட்டினா தண்ணி ஊறி உள்ள போகும், குளிர்ச்சியா இருக்கும்.

எல்லாம் ரெடி, இப்ப இறக்குறது. ஆள் சாகுற இடம் இது தான், மெதுவா படிங்க. சின்ன படகோட விளிம்புல 100 கிலோ கட்டையை வச்சு எத்தி விடலாம்னு நெனைக்காதீங்க, கட்டை விளிம்புக்கு வர்ற அந்த நொடியில படகு கவுந்துரும், நீங்களும் கட்டையும் சங்கிலியும் ஒண்ணா கீழ போவீங்க.

தண்ணி வத்துற நீர்நிலையா இருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம். வத்தினப்ப நடந்து போய், குழி தோண்டி, கட்டையை புதைச்சு, சங்கிலியை விரிச்சு வச்சுட்டு வந்துருங்க, தண்ணி தானா வந்து மூடிக்கும். இதை விட நல்ல மூரிங் கிடையாது. குளிர் தேசத்துல ஏரி உறைஞ்சு கிடக்கிறப்ப பனி மேல இழுத்துட்டுப் போய் துளை போட்டு இறக்குறவங்களும் இருக்காங்க.

மத்தவங்களுக்கு, கட்டையை படகுக்குள்ள ஏத்தவே ஏத்தாதீங்க, தண்ணிக்குள்ள தொங்க விட்டு கொண்டு போங்க. ரெண்டு படகை பக்கம் பக்கமா வச்சு குறுக்க ரெண்டு பலமான மரக்கட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்க, இல்லன்னா நடுவுல இடைவெளி விட்ட ஒரு தெப்பம். ஆழம் குறைவான இடத்துல கட்டையை தண்ணிக்குள்ள வச்சுட்டு, அது மேல இந்த ஜோடியை கொண்டு வந்து நிறுத்தி, கயித்தை கொக்கிக்குள்ள விட்டு ரெண்டு முனையையும் மேல குறுக்குக் கட்டைல கட்டுங்க. இப்ப தொங்குறது 58 கிலோ தான், அதுவும் நடுவுல தொங்குது, படகு ஆடவே ஆடாது. இடத்துக்கு துடுப்பு போட்டு போய், குறுக்குக் கட்டைல ஒரு சுத்து சுத்தி மெல்ல மெல்ல விட்டா கட்டை தட்டையா போய் உக்காரும். உக்காந்ததும் ஒரு முனையை விட்டுட்டு மறு முனையை இழுத்தா கயிறு திரும்ப கைக்கு வந்துரும். ஒத்தையா இருக்கிறவங்க 200 லிட்டர் பேரல் ஒண்ணை மூடி இறுக்கி அதுக்கு அடியில கட்டையை தொங்க விட்டு இழுத்துட்டு போகலாம், பேரல் 180 கிலோ வரைக்கும் தாங்கும், ஆனா அவிழ்க்கிற முடிச்சு கைக்கு எட்டுற தூரத்துல, பேரலுக்கு மேல இருக்கணும்.

சங்கிலி, மிதவை எல்லாத்தையும் இறக்குறதுக்கு முன்னாடியே மாட்டிடுங்க, கட்டையை அழகா இறக்கிட்டு சங்கிலி கையில வச்சுட்டு முழிச்சவங்களை பாத்திருக்கேன். சங்கிலியை குவியலா போடாம வரிசையா மடிச்சு ஒரு பக்கம் வைங்க, ஆளுங்க எல்லாரும் மறுபக்கம். சங்கிலி ஓடும்போது அதுக்குள்ள யார் காலும் இருக்கக்கூடாது. லைஃப் ஜாக்கெட், இடுப்புல கத்தி, காத்தில்லாத காலை நேரம், கூட ஒருத்தர். இறக்கின உடனே படகை கட்டி விட்டுட்டு ஊருக்கு போயிடாதீங்க, சில வாரம் கட்டை பதியட்டும், அதுவரைக்கும் நல்ல காத்துன்னா படகை கரைல ஏத்திடுங்க. கரைல ரெண்டு அடையாளம், ஒரு மரமும் அதுக்குப் பின்னாடி ஒரு கம்பமும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி பாத்து வச்சுக்கோங்க, மிதவை நகந்தா உடனே தெரியும்.

தெப்பம் வேற சாதி. அது மேல ஒரு கூரையோ அறையோ இருந்தா காத்துக்கு 6 சதுர மீட்டர் காட்டும், 90 கிலோமீட்டர் காத்துல 230 கிலோ இழுப்பு, அதை ஒத்தை கட்டையால நிறுத்தணும்னா கரைக்கணக்குல 800 கிலோ கான்கிரீட் வேணும். அதனால நாலு மூலைக்கும் நாலு கட்டை போட்டு பிரிச்சு விடுங்க, சங்கிலிகளை தெப்பத்துக்கு அடியில குறுக்க கொண்டு போய் எதிர் மூலைல மாட்டினா தெப்பம் திரும்பாம நிக்கும், பக்கத்துல நீச்சலடிக்கிறவங்க காலுலயும் மாட்டாது. காத்து எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் ரெண்டு கட்டையாவது சேந்து தாங்கும், ஆனா நாலும் சமமா தாங்கும்னு கணக்கு போடாதீங்க, ஒண்ணு தளர்வா தான் இருக்கும்.

இடுப்பளவு, மார்பளவு தண்ணின்னா கட்டையே வேணாம். ரெண்டு இரும்புப் பைப்பை சேத்துல ஆழமா அடிச்சு இறக்கி, தெப்பத்துல பெரிய வளையம் வச்சு அந்த பைப்புல கோத்து விட்டா தண்ணி ஏறினா தெப்பமும் ஏறும், இறங்கினா இறங்கும். பைப்பு உயரம் வெள்ளத்துக்கு மேல இருக்கணும், இல்லன்னா ஒருநாள் தெப்பம் தலைப்பக்கமா கழண்டு போயிடும். திருகு நங்கூரமும் இந்த ஆழத்துக்கு அருமை, நீள ராடோட நுனில திருகு தட்டு, மேல குறுக்க ஒரு பைப்பை மாட்டி ஆள் சுத்தி சுத்தி நடந்தா உள்ள இறங்கிரும், அதை மேல இழுக்கணும்னா அதுக்கு மேல இருக்கிற மண்ணையே தூக்கணும், அதனால பத்து கிலோ திருகு பல நூறு கிலோ கட்டை வேலையை செஞ்சுடும்.

ஆத்துல போடுறவங்களுக்கு ரெண்டு விஷயம். படகை மூக்குப் பக்கம் மட்டும் கட்டுங்க, மூக்கு நீரோட்டத்தை பாத்து நிக்கணும், பின்பக்கமோ நடுவுலயோ கட்டினா தண்ணி ஏறி அமுக்கிடும். நொடிக்கு 1 மீட்டர் ஓட்டம் முங்கியிருக்கிற ஒவ்வொரு சதுர மீட்டரையும் 50 கிலோ அளவுக்கு தள்ளும், 2 மீட்டர் ஓட்டம் 200 கிலோ. வெள்ளத்துல மரம், செடின்னு வந்து சங்கிலில சிக்கினா அந்த பரப்பும் சேந்துக்கும், அப்ப எந்த கணக்கும் நிக்காது, வெள்ளம் வருதுன்னா படகை வெளிய எடுத்துடுங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை சங்கிலியை தூக்கிப் பாருங்க. எல்லாத்தையும் பாக்க நேரமில்லன்னா ஒரே இடத்தை பாருங்க, சங்கிலி தரையைத் தொட்டும் தொடாமலும் ஆடுற பகுதி, அங்க தான் கண்ணியும் கண்ணியும் உரசி உள்பக்கம் தேயும், வெளிய பாத்தா புதுசு மாதிரி இருக்கும். கண்ணியை மடக்கி உள்பக்கத்தை அளங்க. 10 மிமீ சங்கிலி 7.5 ஆயிடுச்சுன்னா கால் பங்கு தானே போச்சுன்னு தோணும், ஆனா வெட்டுப்பரப்பு 56 சதவீதம் தான் மிச்சம், பலமும் அப்படித்தான், மாத்திடுங்க. ஷேக்கிள் பின், ஸ்விவல் கழுத்து, வளையம் மூணையும் தொட்டுப் பாருங்க, உறையை விலக்கி கயித்தை பாருங்க.

என்னைக்காவது கட்டையை வேற இடத்துக்கு மாத்தணும்னா சும்மா இழுத்து முதுகை உடைச்சுக்காதீங்க, சேறு விடாது. பேரலையோ தெப்பத்தையோ நேர் மேல கொண்டு வந்து, கயித்தை முடிஞ்ச அளவு விறைப்பா கட்டிட்டு வீட்டுக்கு போயிடுங்க. ராத்திரி பூரா அலை கொஞ்சம் கொஞ்சமா ஆட்டி ஆட்டி உறிஞ்சலை விடுவிச்சுரும், காலைல போனா கட்டை தெப்பத்துக்கு அடியில தொங்கிட்டு இருக்கும். காத்து வராத ராத்திரியா பாத்து செய்யுங்க, இல்லன்னா தெப்பமும் கட்டையும் சேந்து எதிர்க்கரை கோரைக்குள்ள போய் நிக்கும்.